வட்டமாக நறுக்கியது யார்?

"குழந்தை மூச்சு விடுதாம். அதைத்தான் முதல்ல சொல்லச் சொன்னாரு உங்க தம்பி."

அலுவலகப் பெண் ஓடி வந்து சொன்ன முதல் வாக்கியம் இது.

ஒரு குழந்தை மூச்சு விடுகிறது என்று யாரும் செய்தி அனுப்புவதில்லை. பால் குடித்தது, தூங்கியது, டயப்பரை நனைத்தது என்றுதான் அனுப்புவார்கள். மூச்சே செய்தியாகிவிட்டது என்றால் நடுவில் கொஞ்ச நேரம் அது இல்லாமல் இருந்திருக்கிறது.

இது புரிய லைன் அக்காவுக்கு ஒரு நொடி ஆனது. கையிலிருந்த மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தாள். மேசை அங்கே இல்லை. அட்டை தரையில் விழுந்தது.

"எங்க இருக்கா?"

"ஆஸ்பத்திரியில. பெரிய ரோட்டு முனையில இருக்கே, அங்க. தொண்டையில ஏதோ சிக்கிடுச்சாம். எடுத்தாச்சாம்."

"என்ன சிக்குச்சு?"

"வெள்ளரிக்கான்னு சொன்னாரு."

மாத்திரைகளை அட்டையில் அடைத்துப் பெட்டியில் போடும் தொழிற்சாலை அது. உள்ளே செல்போன் கூடாது. வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும். அக்கா பூட்டைத் திறந்தபோது தம்பி பதினேழு முறை கூப்பிட்டிருந்தான். பதினேழு முறையும் அது இருட்டில் அதிர்ந்து அடங்கியிருக்கிறது.

மாத்திரை அடைக்கும் லைனில் மூத்தவள் என்பதால் தொழிற்சாலையில் அவள் எல்லோருக்கும் 'லைன் அக்கா'. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பி மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் சூப்பர்வைசர் பதவி வந்தது. எடுப்பதா வேண்டாமா என்று போன வாரம் அவள் தூக்கமில்லாமல் புரண்டாள். "எடுத்துக்கோ, சுண்டுவ நாங்க பாத்துக்கறோம்" என்று கணவனும் தம்பியும் ஒரே குரலில் சொன்ன பிறகுதான் வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டாள்.

சுண்டுவுக்கு எட்டு மாதம். அவளைப் பார்த்துக்கொள்வது ஷிஃப்ட் கணக்கில் நடக்கிறது. காலை ஆறு மணிக்கு அக்கா கிளம்புவாள். பத்தரை வரை கணவன். அவனுக்கு ஒரு பெரிய ஓட்டலில் சாலட் மேசையில் வேலை. நாள் முழுக்கக் காய் நறுக்கி, அடுக்கி, அழகு பார்த்து அனுப்புவான். பத்தரைக்குத் தம்பி வருவான். பள்ளி வேன் ஓட்டுகிறவன். காலை நடையை முடித்துவிட்டு வந்து, மாலை நடை வரைக்கும் சுண்டுவோடு இருப்பான். அதற்குள் அக்கா வந்துவிடுவாள்.

ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டியதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய வெள்ளைப் போர்டில் எழுதிவிட வேண்டும். தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறும்போது செய்வது அது. அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். "எனக்குப் பொறந்திருக்கிறது பொண்ணா, மிஷினா?" என்று கணவன் கேலி செய்வான். ஆனாலும் எழுதுவான்.

ஞாயிற்றுக்கிழமை அக்காதான் முதன்முதலில் வெள்ளரிக்காய் கொடுத்தாள். சுண்டு அதை இரண்டு கையாலும் பிடித்து ஈறால் சப்பி, மூக்கில் தேய்த்து, தரையில் எறிந்து, மறுபடி கேட்டு அழுதாள். உடம்பில் தடிப்பு இல்லை, வயிற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா போர்டில் எழுதினாள்: 'வெள்ளரி – கொடுக்கலாம்.'

இன்று புதன்கிழமை.

கிடைத்த முதல் வண்டியில் ஏறினாள். தலையில் வலைத்தொப்பி இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தோன்றவில்லை.

நடைபாதையில் முதலில் கண்ணில் பட்டது பக்கத்து வீட்டுத் தையலம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ரவிக்கைத் தோளில் இரண்டு குண்டூசிகள். தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருக்கிறாள்.

"பொண்ணு நல்லா இருக்கா. முதல்ல அதக் கேளு. நல்லா இருக்கா."

"எங்க?"

"அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி. போய்ப் பாரு."

அக்கா பார்த்தாள். சுண்டு ஒரு நர்ஸின் மடியில் இருந்தாள். காலின் பெருவிரலில் ஒயரோடு ஒரு கிளிப். முகம் வீங்கிச் சிவந்திருந்தது. அழுது ஓய்ந்திருக்கிறாள். இப்போது நர்ஸின் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேனாவைப் பார்த்த பிறகுதான் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தையலம்மா பின்னாலேயே வந்து நின்றாள். அவள் பேச ஆரம்பித்தால் நடுவில் முடிச்சுப் போட முடியாது.

"நான் மிஷின்ல உக்காந்திருக்கேன். ஒரு சத்தமும் இல்ல பாத்துக்கோ. உன் தம்பி கத்தினான், அதான் சத்தம். ஓடிப் போனா, பொண்ணு வாயத் திறந்துட்டு இருக்கா, அழுகையே வரல. கண்ணு ரெண்டும் பிதுங்குது. உதடு கத்தரிக்கா நிறம். விரல விட்டு எடுடான்னேன். நானே விடப் போனேன். உன் தம்பி என் கையத் தட்டி விட்டான்! என் வயசுக்கு ஒருத்தன் என் கையத் தட்டி விடறான்!"

"அப்புறம்?"

"கொழந்தைய முன்னங்கைமேல குப்புறப் போட்டான். தலை கீழ இருக்கிற மாதிரி. முதுகுல அடிச்சான். பாத்தா நமக்கே வலிக்கும், அப்படி அடி. அஞ்சு. ஒண்ணும் வரல. திருப்பிப் போட்டு நடு நெஞ்சுல ரெண்டு விரலால அஞ்சு அமுக்கு. அதுக்கும் வரல. நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுட்டேன். மறுபடி குப்புற. ரெண்டாவது அடியில தெறிச்சு விழுந்துச்சு. அப்புறம் அழுதா பாரு... என் ஆயுசுல ஒரு கொழந்தை அழுது நான் சந்தோஷப்பட்டது அப்பதான். அந்த ஸ்கூல் வேன்லயே போட்டுக்கிட்டு வந்துட்டோம்."

தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் சுண்டுவின் ஒற்றைக் காலுறை. அக்காவைக் கண்டதும் எழுந்தான்.

"அக்கா..."

"எப்படி வெட்டிக் கொடுத்த?"

அவன் காலுறையைக் கைக்குள் சுருட்டினான்.

"கேக்கறேன்ல! நீளமாவா, வட்டமாவா?"

"வட்டமா இருந்துச்சு."

அறை விழுந்தது. நடைபாதையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். தம்பியின் கன்னத்தில் மட்டும் அல்ல, காதிலும் சேர்ந்து விழுந்தது. அவனுக்கு இருபத்தாறு வயது. அக்காவைவிட ஒரு முழம் உயரம். கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"தடிமாடு! ஊர்ப் பிள்ளைங்கள வேன்ல ஏத்திட்டுப் போற! சொந்த அக்கா பிள்ளைக்கு ஒரு வெள்ளரிக்கா வெட்டத் தெரியாதா?"

அவள் கை ஓங்கியபோதே லிஃப்ட் கதவு திறந்திருந்தது. கணவன் ஓட்டல் உடையிலேயே வந்தான். வெள்ளைக் கோட்டு, கையில் வெள்ளைத் தொப்பி. அறை விழுந்ததை அவன் பார்த்துவிட்டான். வந்த வேகத்தில் நின்றான்.

தம்பி அவனைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

கணவன் தொப்பியைப் பார்த்தான்.

டாக்டரம்மா வெளியே வந்தாள். கையில் ஒரு ஸ்டீல் கிண்ணம். "அம்மா யாரு?"

"நான்தான்."

"பயப்படாதீங்க. ஆக்சிஜன் நல்லா இருக்கு, நெஞ்சுல சத்தம் இல்ல. நாலு மணி வரைக்கும் வச்சுப் பாத்துட்டு அனுப்பறேன். இது உங்களுக்கு." கிண்ணத்தை நீட்டினாள். "உங்க வேன்காரர் கையோட கொண்டு வந்தாரு. நல்ல காரியம். என்ன சிக்குச்சுன்னு தெரிஞ்சா எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சுது."

கிண்ணத்தில் ஒரு வட்டம். ஒரு ஓரம் மட்டும் நசுங்கி, மற்றபடி முழுதாக இருந்தது. சின்னக் காசு அளவு. இளம் பிஞ்சில் நறுக்கியது. அக்கா அதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். இத்தனை சின்னது. இத்தனை சின்னதுக்கா?

"வெள்ளரிக்காவே கொடுக்கக் கூடாதா டாக்டர்?" தையலம்மா குறுக்கே கேட்டாள்.

"யாரு சொன்னா? ஆறு மாசம் ஆயி, நல்லா உக்கார ஆரம்பிச்சிட்டா தாராளமா கொடுக்கலாம். காய் மேல தப்பில்ல, வெட்டின விதத்துல தப்பு. தோலச் சீவிட்டு, உங்க ரெண்டு விரல் சேர்ந்த பருமனுக்கு, நீளமா கொடுங்க. கையில பிடிச்சுச் சப்பும். பெரிசா உடைஞ்சு வாயில வந்தா அதுவே துப்பும், விடுங்க. இன்னும் கொஞ்சம் வளந்து விரலால பொறுக்க ஆரம்பிச்சா, துருவிக் கொடுங்க. இல்ல பேப்பர் மாதிரி மெலிசா சீவுங்க. இது மாதிரி கெட்டியா, வழவழன்னு, வட்டமா மட்டும் வேண்டாம். இந்த வயசுல மூச்சுக்குழாய் உங்க சுண்டுவிரல் அளவுகூட இல்ல. மூடி போட்ட மாதிரி போய் உக்காந்துடும்."

"தடுப்பூசி போடப் போனப்ப கிளினிக் நர்ஸும் இதையேதான் சொன்னாங்க" என்றாள் அக்கா. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "ரெண்டு விரல சேத்துக் காமிச்சாங்க."

"இருமினா, ஓங்கரிச்சா, சத்தம் வருதுன்னா கை வைக்காதீங்க. பக்கத்துலயே இருந்து பாருங்க. சத்தம் நின்னாதான் ஆபத்து. அப்பவும் வாய்க்குள்ள விரல விட்டுத் துழாவாதீங்க, இன்னும் உள்ள தள்ளிடுவீங்க."

தையலம்மா தன் வலது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"தம்பி, உக்கார வச்சுத்தான கொடுத்தீங்க?"

"உக்கார வச்சு, பெல்ட் போட்டுதான் டாக்டர். எதிர்லயே இருந்தேன். கண்ண எடுக்கல."

"அதான் காப்பாத்துச்சு. எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஸ்கூல் வேன் ஓட்டறவங்களுக்கு வருஷா வருஷம் முதலுதவி வகுப்பு வைப்பாங்க. பொம்மைய வச்சு."

டாக்டரம்மா தலையாட்டினாள். பேனாவை எடுத்துக் காகிதத்தில் எதையோ குறிக்கப் போனவள் நிமிர்ந்தாள். "யாரு நறுக்கினது இத?"

கேட்டது சாதாரணமாகத்தான். யாராக இருந்தாலும் அவருக்கு இன்னொரு முறை சொல்லித் தர வேண்டும், அவ்வளவுதான்.

"இவன்தான்" என்றாள் அக்கா.

தம்பி மறுக்கவில்லை. கணவன் பேசவில்லை. டாக்டரம்மா தம்பியைப் பார்த்து, "இனிமே பாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தம்பி சட்டைப் பையில் இருந்து வீட்டுச் சாவியை எடுத்துப் பெஞ்சில் வைத்தான். காலுறையை அதன்மேல் வைத்தான்.

"நான் கிளம்பறேன்."

"போ. இனிமே அவளத் தொடாத."

சொல்லிவிட்டாள். வாயில் இருந்து போனது போனதுதான். எட்டு மாதமாக ராத்திரி பகல் பார்க்காமல் சுண்டுவைத் தோளில் போட்டு நடந்தவனுக்கு அக்கா கொடுத்த சர்ட்டிபிகேட் அது. அவன் படியில் இறங்கிப் போனான், லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. தையலம்மா சாவியை எடுத்துக்கொண்டு, "வீட்டை விரியத் திறந்து போட்டுட்டு வந்திருக்கோம், நான் போய்ப் பூட்டறேன்" என்று பின்னாலேயே ஓடினாள்.

கணவன் பெஞ்சில் உட்கார்ந்தான். "சின்னப் பையன். தெரியாமப் பண்ணிட்டான். மனசுல வச்சுக்காத" என்றான்.

நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். சுண்டு அக்காவின் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். கீழே விட அக்காவுக்கு மனசு வரவில்லை. அப்படியே சமையலறைக்குப் போனாள்.

தையலம்மா பூட்டத்தான் பூட்டினாள், எதையும் தொடவில்லை. குழந்தை நாற்காலி சாய்ந்து கிடந்தது. பெல்ட் அறுந்திருந்தது. அவசரத்தில் கழற்றாமல் பிய்த்து எடுத்திருக்கிறான். தரையில் தண்ணீர். மேசையில் சின்னப் பிளாஸ்டிக் டப்பா, மூடி திறந்தபடி.

டப்பாவில் வெள்ளரி வட்டங்கள் மிச்சம் இருந்தன. குப்பையில் கொட்டக் கையில் எடுத்தவள் நின்றாள்.

எல்லாம் ஒரே தடிமன். அளவுகோல் வைத்தாலும் இம்மி பிசகாது. அதுகூடப் பரவாயில்லை. தோல் முழுதாகச் சீவப்படவில்லை. ஒரு கோடு பச்சை, ஒரு கோடு வெள்ளை, ஒரு கோடு பச்சை. ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பிலும் பூவிதழ் போல. பெரிய ஓட்டல் தட்டுகளில்தான் அப்படி இருக்கும்.

தம்பி வெங்காயம் வெட்டினால் கோடாரியால் விறகு பிளந்த மாதிரி இருக்கும். தோலைச் சீவு என்றால் பாதிக் காயும் சேர்ந்து குப்பைக்குப் போகும். இது அவன் கை இல்லை. ஏழேழு ஜென்மம் எடுத்தாலும் அவன் கைக்கு இது வராது.

ஆஸ்பத்திரிக் கிண்ணத்தில் இருந்ததற்கும் கோடு இருந்ததா? இருந்தது. கண்கொட்டாமல் பார்த்தாள், ஆனால் பார்க்கவில்லை.

கூடத்தில் கணவன் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான்.

"ஏங்க."

"ம்?"

"இங்க வாங்க."

வந்தான். அவள் டப்பாவை நீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டி வரவில்லை. அவன் முகத்தில் இருந்து ரத்தம் இறங்கிய வேகத்திலேயே பதில் வந்துவிட்டது.

"கைப் பழக்கம்" என்றான்.

"கைப் பழக்கமா?"

"கிளம்பற அவசரம். போர்டுல வெள்ளரி கொடுக்கலாம்னு இருந்துச்சு. நாலு வெட்டி வச்சா அவனுக்கு வேலை மிச்சம்னு நெனச்சேன். கத்தி எடுத்தா என் கை தானா அப்படித்தான் வெட்டும். யோசிக்கவே இல்ல. கிளம்பும்போது, டப்பால இருக்கு, கொடுத்துடுன்னு மட்டும் சொன்னேன். அவனும் நம்பிக் கொடுத்திருக்கான்." நிறுத்தினான். பிறகு கொஞ்சம் குரல் ஏறியது. "நீயும்தான் எழுதின. கொடுக்கலாம்னு எழுதின. எப்படிக் கொடுக்கணும்னு எழுதினியா?"

அடி சரியான இடத்தில் விழுந்தது.

லைனில் ஆறு பெண்களுக்கு அவள் தினமும் சொல்வது அது. என்ன செய்யணும்னு மட்டும் எழுதாதீங்க, எப்படிச் செய்யணும்னு எழுதுங்க, அடுத்து வர்றவளுக்கு உங்க மூளை தெரியாது. சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளைக்கு, இரண்டு வார்த்தையோடு விட்டுவிட்டாள். நர்ஸ் காட்டிய இரண்டு விரல் அவள் தலைக்குள்ளேயே இருந்துவிட்டது.

"ஆமா" என்றாள். "எழுதல. அது என் தப்பு. அதுல பாதி எனக்கு. சரி. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாங்களே, யாரு நறுக்கினதுன்னு? அப்ப எங்க போச்சு உங்க வாய்?"

"சொல்லத்தான் வந்தேன். லிஃப்ட்ல வரும்போதுகூட அதத்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன். கதவு திறந்தா நீ அவன அறையற. அதுக்கப்புறம்..."

"அதுக்கப்புறம்?"

"பயந்துட்டேன்."

"அவன் வாங்கினது உங்க அறை."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சின்னப் பையன், மனசுல வச்சுக்காதன்னு எனக்கே சமாதானம் சொன்னீங்க?"

அக்கா அவனைப் பார்த்தாள். ஆறு வருடமாக ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதன். சண்டை போட்டிருக்கிறான், கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறான், மறந்திருக்கிறான். இப்படி ஒருவன் அவனுக்குள் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது. வெட்டியது தப்பு, யாரும் செய்யக்கூடிய தப்பு. அதன் பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மன்னிக்கச் சொன்னானே, அதுதான் அவளுக்கு ஜீரணமாகவில்லை.

தம்பிக்கு ஃபோன் போட்டாள். தோளில் குழந்தை இருந்ததால் ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள். மாலை நடை முடிந்திருக்கும் நேரம். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"சுண்டு எப்படி இருக்கா?" என்றுதான் அவனும் ஆரம்பித்தான்.

"தோள்ல தூங்கறா. டேய், வெட்டினது நீ இல்லன்னு ஏன்டா சொல்லல?"

அந்தப் பக்கம் ஒரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"மாமா சொல்லிட்டாரா?"

"வெள்ளரிக்கா சொல்லுச்சு. நீ பதில் சொல்லு. நாலு பேர் பாக்க அறை வாங்கிட்டு மரம் மாதிரி நின்னியே, ஏன்?"

"விடுக்கா."

"விட முடியாது. உன்னப் போய் அவளத் தொடாதன்னு சொல்லிட்டேன்டா. எந்த வாயால சொன்னேன் தெரியல. என்ன மன்னிச்சிடு."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம்." அவன் இருமி, குரலைச் சரிசெய்துகொண்டான். "அந்த அறை எனக்கு வர வேண்டியதுதான். போன வாரம் செவ்வாய்க்கிழமையே வந்திருக்கணும். லேட்டா வந்துருக்கு."

"என்ன செவ்வாய்க்கிழமை?"

கணவன் ஒரு அடி முன்னால் வந்தான். "மச்சான்..." என்றான், ஃபோனைப் பார்த்து.

"மாமா பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. இருக்கட்டும். நீ சொல்லு."

அக்கா காத்திருந்தாள். தோளில் சுண்டுவின் மூச்சு அவள் கழுத்தில் பட்டு, விலகி, பட்டது. ஒவ்வொன்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன்கா. கதவு திறந்திருந்துச்சு. மாமா சுண்டுவத் தோள்ல போட்டுக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டு இருந்தாரு. திராட்சை. முழுசா. நான்தான் வாங்கிக் குப்புறப் போட்டு அடிச்சேன். மூணாவது அடியில வந்துடுச்சு. பொம்மையில இல்லாம நிஜத்துல நான் செஞ்சது அன்னைக்குத்தான் முதல் தடவை."

அக்காவின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றது.

"வியாழக்கிழமை உனக்குக் கையெழுத்து. இது தெரிஞ்சா பயந்து வேலையே வேண்டாம்னு சொல்லிடுவா, கஷ்டப்பட்டு வந்த பதவி, சொல்லாதடான்னு மாமா கெஞ்சினாரு. அழுதாருக்கா. எனக்கும் சரின்னு பட்டுச்சு. உனக்கு நல்லது பண்றதா நெனச்சேன். நான் அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னைக்கு நடந்திருக்காது. அதான் வாங்கிட்டு நின்னேன்."

"டேய்..."

"இன்னைக்கு நடந்தது ரெண்டாவது தடவைக்கா."

அழைப்பை யார் துண்டித்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஃபோன் வெளிச்சம் அணைந்தது. அடுப்பங்கரை ஜன்னல் வழியே தையலம்மாவின் மிஷின் சத்தம் கேட்டது. அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு அக்கா கிளம்ப வேண்டும். ஆறில் இருந்து பத்தரை வரைக்கும் சுண்டு இந்த மனிதனின் கையில். நாலரை மணி நேரம். மூன்று வாரமாக, வாரத்துக்கு ஆறு நாள், யாரும் பார்க்காத நாலரை மணி நேரம்.

"உன் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தான் கணவன்.

அவள் கையைத் தூக்கினாள். அவன் அறை என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அறையவில்லை. பேசாதே என்றுதான் காட்டினாள்.

"ஒரே ஒரு கேள்வி" என்றாள். குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று மெதுவாகவே கேட்டாள். "அவனுக்குத் தெரிஞ்சது ரெண்டு தடவை. அவன் வராதப்ப எத்தனை?"

ஒன்றுமில்லை என்று அவன் உடனே சொல்லியிருக்கலாம். பொய்யாக இருந்தாலும் அந்த நிமிஷத்துக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

அவன் யோசித்தான்.